கண்டாலா மலையில் காட்டு மஞ்சள்! பெயர் வைத்தவர் ஒரு தபால் அதிகாரி

ஆடி, ஆவணி மாதங்களில் ஊருக்குப் போய்விட்டு மும்பை திரும்புகிறவர்கள் புனே தாண்டியதுமே ஜன்னலோரம் வந்துவிடுவார்கள். லோணாவ்ளா வந்ததும் பெட்டிக்குள் குளிர்காற்று வீசும். கண்டாலா தாண்டினால் மலை இறக்கம். குகை வரும், அருவி வரும், மறுபடியும் குகை வரும். குழந்தைகள் ஒவ்வொரு குகையிலும் "ஓ" என்று கத்துவார்கள்.

இறக்கத்தில் மங்கி ஹில், தாக்குர்வாடி போன்ற இடங்களில் பிரேக்கைச் சரிபார்ப்பதற்காக வண்டி சற்று நின்று போகும். அந்த ஒன்றிரண்டு நிமிடங்களில் தண்டவாளத்தை அடுத்த சரிவைப் பார்த்தால், ஈரப் பாறைகளுக்கு நடுவே வாழைக்கன்று போல இலை விட்ட குட்டைச் செடிகள் தெரியும். இலைகளுக்கு நடுவே ஒரு பூங்கதிர். கதிரின் உச்சியில் இளஞ்சிவப்புக் குஞ்சம். அதற்குக் கீழே பச்சைக் கிண்ணங்கள். ஒவ்வொரு கிண்ணத்திலிருந்தும் தங்க நிறத்தில் ஒரு பூ எட்டிப் பார்க்கும்.

"அப்பா, அது என்ன பூ?"

"ஏதோ காட்டுப் பூடா. கையை வெளியே நீட்டாதே."

பெரும்பாலான பெட்டிகளில் பேச்சு இதோடு முடிந்துவிடும். வண்டி கிளம்பிவிடும். கர்ஜத் வந்ததும் வடா-பாவ் வாங்குவதில் பூ மறந்துபோகும்.

அந்தச் செடிக்குப் பெயர் இருக்கிறது. அது நம் வீட்டு அஞ்சறைப் பெட்டியில் இருக்கும் மஞ்சளுக்கு உடன்பிறப்பு. மராத்திக்காரர்கள் அதை "ரான் ஹளத்" என்கிறார்கள். "ரான்" என்றால் காடு, "ஹளத்" என்றால் மஞ்சள். "ஷிந்தள்வண்" என்று இன்னொரு பெயரும் உண்டு. தாவர நூல்களில் அதன் பெயர் "குர்குமா சூடோமாண்டானா".

அந்தப் பெயரை வைத்தவர் பெரிய பல்கலைக்கழகப் பேராசிரியர் அல்ல. பம்பாய் தபால் இலாகாவில் வேலை பார்த்த ஓர் அதிகாரி!

ஆபீஸ் முடிந்த பிறகு

அவர் பெயர் ஜான் கிரகாம். ஸ்காட்லாந்துக்காரர். பம்பாயில் துணைப் போஸ்ட்மாஸ்டர் ஜெனரலாக இருந்தார். தபால் வேலையோடு, விவசாய - தோட்டக்கலைச் சங்கம் நடத்திய தோட்டத்தையும் மேற்பார்வை செய்தார். மீதி நேரமெல்லாம் செடி, கொடி, மரம்தான்.

அப்போது ரெயில் கிடையாது. பம்பாய்க்கும் தானாவுக்கும் இடையே முதல் ரெயில் ஓடியது 1853-ல். போர் காட் மலையில் ரெயில் ஏறியது 1863-ல். கிரகாமின் காலத்தில் கொங்கணத்திலிருந்து மலைக்கு மேலே போக வேண்டுமானால் குதிரை, பல்லக்கு, மாட்டுவண்டிதான். அந்தக் காலத்தில் அவர் பம்பாய்த் தீவையும் சுற்றுப்புறத்தையும் கொங்கணத்தையும் சேர்த்து, எங்கெங்கே என்னென்ன தாவரங்கள் வளர்கின்றன என்று ஒரு பட்டியல் தயாரித்தார். "பம்பாயிலும் அதன் சுற்றுப்புறத்திலும் வளரும் தாவரங்களின் பட்டியல்" என்பது நூலின் பெயர்.

நூல் 1839-ல் வெளிவந்தது. ஆனால் அது முழுதாக அச்சாகி முடிந்ததைப் பார்க்கக் கிரகாம் உயிரோடு இல்லை. அச்சு வேலை நடந்துகொண்டிருந்தபோதே, 1839-ம் ஆண்டு மே மாதம், கண்டாலாவில் காலமானார். அப்போது அவருக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. ஜோசப் நிம்மோ என்ற நண்பர் மீதி வேலையை முடித்து நூலைக் கொண்டுவந்தார்.

அந்த நூலில்தான் ரான் ஹளதின் தாவரப் பெயர் முதல் முதலாக அச்சேறியது. இன்றும் உலகில் எந்தத் தாவர நூலைப் புரட்டினாலும் அந்தப் பெயருக்குப் பின்னால் "ஜே. கிரகாம்" என்று போட்டிருக்கும். எந்த மலையில் அவர் கண் மூடினாரோ, அந்த மலைச்சரிவில் வருடந்தோறும் அவர் பெயர் வைத்த செடி பூக்கிறது.

சோழமண்டலத்துச் செடியா, இல்லையா?

"சூடோ" என்றால் போலி. "மாண்டானா" என்றால் மலையைச் சேர்ந்தது. அழகான செடிக்கு ஏன் போலி என்று பெயர்?

அதற்கு ஒரு காரணம் உண்டு. கிரகாமுக்கு முன்பே வில்லியம் ராக்ஸ்பரோ என்ற டாக்டர் கிழக்குக் கடற்கரைப் பகுதியில் செடிகளை ஆராய்ந்தார். காக்கிநாடாவுக்கு அருகில் உள்ள சாமல்கோட்டில் பல வருடம் இருந்தவர். சோழமண்டலக் கரைத் தாவரங்களைப் பற்றிப் படங்களோடு பெரிய நூல் போட்டவர். அவர் ஒரு காட்டு மஞ்சளுக்கு "குர்குமா மாண்டானா" என்று பெயர் வைத்திருந்தார்.

கொங்கணத்து மஞ்சளைப் பார்த்த கிரகாமுக்கு, இது ராக்ஸ்பரோவின் செடி போலவே இருந்தது. ஆனால் அதுவே இல்லை. "மாண்டானா போலத் தோன்றும், மாண்டானா அல்ல" என்ற பொருளில் "சூடோமாண்டானா" என்று வைத்தார். செடி ஆராய்ச்சியில் இதுதான் முக்கியமான இடம். இரண்டு செடிகளை ஒன்று என்று சொல்வது சுலபம். இது வேறு, அது வேறு என்று சொல்வதற்குத்தான் கண் வேண்டும்.

சுங்க அதிகாரி, ரெயில்வே என்ஜினீயர்

கிரகாமுக்குப் பிறகு இந்த வேலையைத் தொடர்ந்தவர்களும் அப்படித்தான். 1861-ல் "பம்பாய்த் தாவரங்கள்" என்ற நூலை இருவர் சேர்ந்து வெளியிட்டார்கள். ஒருவர் டால்செல். சுங்கம், உப்பு, அபின் இலாகாவில் உதவிக் கமிஷனராகப் பம்பாய் வந்து, பின்னாளில் காட்டு இலாகாவுக்கு மாறியவர். இன்னொருவர் கிப்சன். அவர் டாக்டர்.

அவர்களுக்கு அடுத்து வந்தவர்தான் ரெயில்வே ஊழியர்கள் நினைத்துப் பெருமைப்பட வேண்டியவர். தியோடர் குக் என்று பெயர். அயர்லாந்துக்காரர். 1860-ல் என்ஜினீயராக இந்தியா வந்தார். பம்பாய் - பரோடா - மத்திய இந்தியா ரெயில்வேயில், அதாவது இன்றைய மேற்கு ரெயில்வேயின் மூதாதையில், வேலைக்குச் சேர்ந்தார். வசாய் கழிமுகத்தின் குறுக்கே அந்தக் காலத்தில் போட்ட இரும்புப் பாலம் அவர் பொறுப்பில் கட்டியது. பிறகு புனே என்ஜினீயரிங் கல்லூரியின் முதல்வர் ஆனார்.

இரும்பையும் ரிவெட்டையும் எண்ணிய அந்த மனிதர்தான் பம்பாய் மாகாணத்துத் தாவரங்கள் அனைத்தையும் விவரித்து 1901 முதல் 1908 வரை பகுதி பகுதியாக ஒரு பெருநூல் எழுதினார். நூறு வருடத்துக்கு மேல் ஆகியும், மராட்டிய மாநிலத்துச் செடிகளை ஆராய்கிறவர்கள் இன்றும் அதைப் புரட்டாமல் இருப்பதில்லை.

தபால், சுங்கம், ரெயில்வே! காலையில் ஆபீஸ், மாலையில் செடி என்று வாழ்ந்தவர்களின் வேலை இது.

தாளில் ஒட்டினால் போதாது

ஒரு செடியை அடையாளம் காணும் வழி பொதுவாக இதுதான். பூவும் இலையும் உள்ள கிளையைப் பறித்து, தாள்களுக்கு இடையே வைத்து அழுத்தி, உலர்த்தி, கெட்டி அட்டையில் ஒட்டி வைப்பார்கள். எங்கே, எப்போது, யார் எடுத்தது என்று ஓரத்தில் எழுதுவார்கள். பிறகு நூலோடும் பழைய மாதிரிகளோடும் ஒப்பிடுவார்கள். வேம்பையும் ஆவாரையும் இப்படி வைத்தால் நூறு வருடம் கழித்தும் தெரிந்துகொள்ளலாம்.

இஞ்சிக் குடும்பத்திடம் இந்த வித்தை பலிக்காது.

இஞ்சி, மஞ்சள், ஏலம், சித்தரத்தை எல்லாம் ஒரே குடும்பம். உலகில் இந்தக் குடும்பத்தில் 1,500-க்கு மேற்பட்ட இனங்கள் உண்டு. இவற்றின் பூக்கள் தண்ணீர்ப் பசை மிகுந்தவை, மெல்லியவை. மஞ்சள் பூ ஒரு நாள்தான் இருக்கும். தாளில் வைத்து அழுத்தினால் கூழாகிவிடும். தங்க நிறமும் போகும், இளஞ்சிவப்பும் போகும். மிஞ்சுவது பழுப்பு நிறத்தில் ஒரு கறை. கிழங்கு காய்ந்தால் உள்ளே என்ன நிறம் இருந்தது, என்ன வாசனை அடித்தது என்று சொல்ல முடியாது. ஆனால் ஒரு மஞ்சளை இன்னொரு மஞ்சளிலிருந்து பிரித்துக் காட்டுவது இந்த விவரங்கள்தான்!

அதனால்தான் உலர்ந்த மாதிரிகளை மட்டும் பார்த்து வேலை செய்தவர்களிடம் மஞ்சள் இனங்கள் பல காலம் குழம்பிக் கிடந்தன. ஒரே செடிக்கு இரண்டு மூன்று பெயர். வேறு வேறு செடிகளுக்கு ஒரே பெயர். இப்போது ஆராய்கிறவர்கள் பூவை எரிசாராயப் புட்டியில் போட்டு வைக்கிறார்கள். புகைப்படம் எடுக்கிறார்கள். கிழங்கை வெட்டிய உடனே நிறத்தை நோட்டில் எழுதுகிறார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, மழைக்காலத்தில் அந்த மலைக்கே போகிறார்கள். டிசம்பர் முதல் மே வரை போனால் அங்கே ஒன்றும் இருக்காது. இலை காய்ந்து மடிந்துவிடும். கிழங்கு மண்ணுக்குள் தூங்கும். ஜூனில் முதல் மழை விழுந்ததும் முளை கிளம்பும். ஆகவே இந்தச் செடியை அறிய வேண்டுமானால், மழையில் இங்கே இருக்க வேண்டும். லண்டனில் உட்கார்ந்திருந்த நிபுணருக்கு இல்லாத வாய்ப்பு, பம்பாயில் இருந்த தபால் அதிகாரிக்கு இருந்தது.

பறிக்காமல் அறிய ஐந்து கேள்விகள்

ரான் ஹளதைச் செடியைப் பிடுங்காமலே அறிந்துகொள்ளலாம்.

ஒன்று: இலை எப்படி அடுக்கியிருக்கிறது? இஞ்சிக் குடும்பத்தில் இலைகள் எதிரும் புதிருமாக இரண்டே வரிசையில் நிற்கும். ஸ்டேஷன் தோட்டங்களில் வைக்கும் கல்வாழை பார்வைக்கு இதுபோல இருக்கும். ஆனால் அதன் இலைகள் தண்டைச் சுற்றிச் சுற்றி வரும். கசக்கினால் மணமும் இராது.

இரண்டு: பூவடியில் கிண்ணம் உண்டா? மஞ்சள் இனத்துக்கு இதுவே முத்திரை. கதிரில் உள்ள பச்சை இலைகள் ஓரங்களில் ஒன்றோடு ஒன்று ஒட்டிக் கிண்ணம் போல ஆகியிருக்கும். மழை பெய்தால் அதில் தண்ணீர் நிற்கும். ஒவ்வொரு கிண்ணத்துக்குள்ளும் பல மொட்டுகள் இருக்கும். ஒன்று வாடினால் அடுத்தது விரியும்.

மூன்று: உச்சியில் என்ன நிறம்? ரான் ஹளதுக்கு உச்சியில் இளஞ்சிவப்பு அல்லது ஊதாக் குஞ்சம். இது பூ அல்ல, நிறம் மாறிய இலை. இதற்குள் பூ கிடையாது. வண்டுக்கும் தேனீக்கும் "இங்கே கடை இருக்கிறது" என்று காட்டும் விளம்பரப் பலகைதான் அது.

நான்கு: பூ என்ன நிறம்? ரான் ஹளதின் பூ நல்ல தங்க மஞ்சள். இதே மலைத்தொடரில் வளரும் "குர்குமா இனோடோரா" என்ற இன்னொரு காட்டு மஞ்சளின் பூ ஊதா கலந்த சிவப்பு. "இனோடோரா" என்றால் வாசனை இல்லாதது. பெயரிலேயே அடையாளம் இருக்கிறது.

ஐந்து: கதிர் எங்கிருந்து கிளம்புகிறது? ரான் ஹளத் இரண்டு விதமாகப் பூக்கும். மழையின் தொடக்கத்தில் கதிர் இலைக்குப் பக்கத்தில் தனியாகத் தரையிலிருந்து கிளம்பும். பிறகு வருவது இலைகளின் நடுவிலிருந்து வரும். இரண்டு தோற்றத்தையும் பார்த்தவர்கள் இவை இரண்டு செடிகள் என்றே நினைத்துவிடக்கூடும். ஒரே இடத்துக்கு ஜூலையிலும் செப்டம்பரிலும் போனவர்களுக்குத்தான் உண்மை தெரியும்.

176 வருடம் கழித்துக் கிடைத்த நீதி

கிரகாம் தமது பட்டியலில் இன்னொரு செடிக்கும் பெயர் வைத்தார். மஹாபலேஷ்வர், பஞ்ச்கனி மேட்டு நிலங்களில் வளரும் "சவர்" என்ற செடி அது. ஆள் உயரத்தை நெருங்கும் தண்டு, வெளிறிய பூ, உச்சியில் நிறக்குஞ்சம் கிடையாது. இதன் கிழங்கை அரைத்து, கரைத்து, தெளியவைத்து எடுக்கும் மாவு அரோரூட் மாவு போலப் பயன்பட்டது. மராட்டிய மாநிலத்து மலைகளைத் தவிர இயற்கையாக வேறு எங்கும் இல்லாத செடி.

கிரகாம் இதையும் மஞ்சள் இனம் என்று கணித்து "குர்குமா காலினா" என்று பெயர் கொடுத்தார். 1890-ல் இங்கிலாந்தில் பேக்கர் என்ற தாவர நிபுணர் இதை மஞ்சளிலிருந்து பிரித்து "ஹிட்செனியா" என்ற வேறு இனத்தில் சேர்த்துவிட்டார். தோற்றம் வேறு மாதிரி இருக்கிறதே என்பது காரணம். நூறு வருடத்துக்கு மேல் அந்தப் பெயரே நிலைத்தது.

இந்த நூற்றாண்டில் மரபணுவை ஒப்பிட்டுப் பார்க்கும் முறை வந்தது. சவர் மஞ்சள் கூட்டத்துக்குள்ளேயே நிற்கிறது என்று தெரிந்தது. 2015-ல் வெளியான ஆய்வில் அது மறுபடியும் குர்குமாவாக ஏற்கப்பட்டது. தபால் அதிகாரியின் தீர்ப்பு 176 வருடம் கழித்து உறுதியாயிற்று!

கிழங்கைத் தோண்டாதீர்!

இனி எச்சரிக்கை.

மஞ்சள் என்றதும் உள்ளே ஆரஞ்சு நிறத்தில் ஈரோட்டுக் கிழங்கு போல இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. ரான் ஹளதின் கிழங்கு சிறியது. உள்ளே வெளுப்பாகவோ மங்கிய மஞ்சளாகவோ இருக்கும். வேர்களின் நுனியில் பாதாம் பருப்பு போலச் சிறு முண்டுகள் தொங்கும். அவைதான் வறண்ட மாதங்களுக்கான சேமிப்பு. பஞ்ச காலங்களில் மலைவாசிகள் அவற்றை வேகவைத்துத் தின்றதாகப் பழைய தாவர நூல்கள் குறிப்பிடுகின்றன.

இதைப் படித்துவிட்டு யாராவது மழையில் பிக்னிக் போன இடத்தில் கிழங்கு தோண்டிச் சுவை பார்த்தால் உயிருக்கே ஆபத்தாக முடியும். காரணம், இதே மலையில், இதே மழையில், கார்த்திகைப் பூச்செடியும் வளர்கிறது. நம் தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தள் அதுதான். மராத்தியில் "கள்லாவி". தாராபுரம், மூலனூர், வேதாரண்யம் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அங்கே மருந்துக் கம்பெனிகளுக்கு விதை எடுப்பதற்காக இதைப் பயிரிடுகிறார்கள். இதன் கண்வலிக் கிழங்கில் கோல்சிசின் என்ற கடும் விஷம் இருக்கிறது. தின்றால் வாந்தி, பேதியில் தொடங்கி உள்ளுறுப்புகள் கெட்டு உயிர் போகலாம். வேறு ஏதோ கிழங்கு என்று நினைத்துத் தின்று மாண்டவர்கள் உண்டு.

பூவும் இலையும் இருக்கும்போது குழப்பம் இல்லை. கார்த்திகைச் செடியின் இலை நுனி சுருண்டு கொடி போலப் பற்றிக்கொள்ளும். கிழங்கு கலப்பை போல வளைந்திருக்கும். ஆனால் மழை போய் இலை மடிந்துவிட்டால், மண்ணுக்குள் இருப்பது வெறும் கிழங்குதான். காட்டுச் சேனை வகைகளும் அங்கேயே கிடக்கும். அவற்றைச் சரியாகப் பக்குவம் செய்யாமல் கடித்தால் தொண்டை அரித்து வீங்கும். காத்கரி, தாக்கர் இன மக்கள் தலைமுறை தலைமுறையாக அந்த மலையோடு வாழ்கிறவர்கள். மழைக்காலத்தில் காட்டுக் கீரை கொண்டுவந்து விற்பவர்கள். அவர்களுக்குள்ள பழக்கம் சனி, ஞாயிறு போய் வருகிறவர்களுக்கு வந்துவிடாது.

இன்னொரு ஏமாற்றமும் உண்டு. காட்டில் விளையும் எந்த மஞ்சளையும் "கஸ்தூரி மஞ்சள்" என்று சொல்லி விற்கிறார்கள். உண்மையான கஸ்தூரி மஞ்சள் தனி இனம். அதற்குக் கற்பூரம் கலந்தது போன்ற மணம் உண்டு. கிழங்கின் உட்புறம் வெளிறித்தான் இருக்கும். முகத்துக்குப் பூச என்று கடையில் கிடைக்கும் அழுத்தமான மஞ்சள் நிறத் தூள் பெரும்பாலும் வேறு இனத்துக் கிழங்கு என்று தாவர அறிஞர்கள் எடுத்துக்காட்டியிருக்கிறார்கள். காசு கொடுப்பதற்கு முன் நிறத்தைப் பார்ப்பதோடு முகர்ந்தும் பார்ப்பது நல்லது.

ஏன் காப்பாற்ற வேண்டும்?

பூ அழகாக இருக்கிறது, சரி. ஒரு காட்டுச் செடி போனால் நமக்கு என்ன நஷ்டம் என்று கேட்கலாம்.

நாம் சமையலுக்குப் போடும் மஞ்சள் ஒரு விசித்திரமான பயிர். அதன் உயிரணுவில் 63 குரோமோசோம்கள். மூன்று தொகுதியாக இருப்பதால் அவை இரண்டாகச் சரிபாதி பிரிய முடியாது. அதனால் பூத்தாலும் விதை பிடிப்பது அபூர்வம். ஈரோட்டிலும் சாங்லியிலும் விவசாயி நடுவது விதை அல்ல, கிழங்குத் துண்டு. அதாவது, வயலில் நிற்பதெல்லாம் தாய்க் கிழங்கின் நகல். ஒரு நோய் வந்து ஒரு செடியை வீழ்த்தினால், பக்கத்துச் செடிக்கும் அதே பலவீனம்தான். கிழங்கு அழுகல் நோய் கண்ட வயலைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

காட்டு மஞ்சள்களின் கதை வேறு. இந்தியாவின் காட்டு இனங்கள் பலவற்றுக்கு 42 குரோமோசோம்கள். விதை பிடிக்கும். ஒவ்வொரு விதையும் சற்று மாறுபட்ட புதுச் செடி. வறட்சியைத் தாங்குவது எது, அழுகலை எதிர்ப்பது எது என்று தேடுவதானால் இந்தக் கூட்டத்தில்தான் தேட வேண்டும். கோழிக்கோட்டில் உள்ள இந்திய நறுமணப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையத்தில் பல இடங்களிலிருந்து மஞ்சள் இனங்களைக் கொண்டுவந்து வளர்த்துக் காப்பது இதற்காகத்தான். இன்று பெயர் தெரியாமல் மிதிபடும் செடி நாளைக்கு ஒரு விவசாயியின் வயலைக் காப்பாற்றலாம்.

ரான் ஹளத் இந்தியாவுக்கே உரியது. மேற்கு மலைத்தொடரிலும் கிழக்கு மலைத்தொடரிலும் வளர்கிறது. ஆந்திர மலைகளில் வாழும் சவரா, ஜடாபு மக்கள் கைமருந்தாகவும் பயன்படுத்துகிறார்கள். ஆனால் அது நிற்க மழையும், பாறை இடுக்கில் ஒரு சாண் மண்ணும் வேண்டும். லோணாவ்ளா, கண்டாலா பக்கம் பங்களாவும் ஓட்டலும் சாலையும் பெருகப் பெருக, முதலில் போவது அந்த ஒரு சாண் மண்தான். கிழங்கு மண்ணுக்குள் தூங்கும் கோடை காலத்தில் புல்டோசர் வந்தால், அங்கே ஒரு செடி இருந்ததே யாருக்கும் தெரியாது.

பழைய பேப்பரும் ஒரு பென்சிலும்

இதற்குப் பெரிய படிப்பு வேண்டுமென்பதில்லை. ஒரு நோட்டு, ஒரு பென்சில், ஒரு பூதக்கண்ணாடி போதும். பார்த்த தேதி, இடம், பூவின் நிறம், குஞ்சத்தின் நிறம், கதிர் கிளம்பும் இடம் இவற்றை எழுதிக்கொள்ள வேண்டும். கைபேசியில் படம் எடுப்பவர்கள் பூவை மட்டும் எடுக்காமல் இலையையும், கதிரின் அடியையும், முழுச் செடியையும் சேர்த்து எடுக்க வேண்டும். படம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. கிரகாமிடம் காமிராவே கிடையாது!

இலையை உலர்த்திப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு வேண்டியது பழைய தினசரித் தாள்தான். இன்றைக்கும் தாவர ஆராய்ச்சியாளர்கள் செடியை அழுத்தி வைப்பது செய்தித்தாளில்தான். தினமும் தாளை மாற்றினால் பூசணம் பிடிக்காது. உதிர்ந்து கிடக்கும் இலையே போதும். போரிவ்லி தேசியப் பூங்கா போன்ற இடங்களில் எதையும் பறிப்பதும் தோண்டுவதும் சட்டப்படி குற்றம்.

மேலும் அறிய விரும்புகிறவர்களுக்கு வழி தூரத்தில் இல்லை. சி.எஸ்.எம்.டி. ஸ்டேஷனிலிருந்து நடக்கும் தூரத்தில் செயின்ட் சேவியர் கல்லூரி இருக்கிறது. அங்கே உள்ள பிளாட்டர் தாவர மாதிரிக் கூடத்தில் லட்சத்துக்கும் மேற்பட்ட உலர் மாதிரிகளைக் காத்து வருகிறார்கள். அந்தக் கல்லூரியைச் சேர்ந்த சந்தாபாவ் என்ற ஸ்பெயின் நாட்டுப் பாதிரியார், கண்டாலாவின் தாவரங்களுக்கென்றே தனி நூல் எழுதி 1953-ல் வெளியிட்டார். பின்னாளில் இந்தியத் தாவர ஆய்வுத் துறைக்கே தலைவர் ஆனவர் அவர். அந்தத் துறையின் மேற்கு மண்டல அலுவலகம் புனேயில் இருக்கிறது.

வேலை தேடி இந்த மாநிலத்துக்கு வந்து, தலைமுறை தாண்டி வாழ்கிற குடும்பங்கள் ஆயிரம் ஆயிரம். மொழி கற்றாயிற்று, ரெயில் டைம்டேபிள் மனப்பாடம். வந்த மண்ணின் செடிகொடிகளில் நாலைந்தின் பெயராவது தெரிந்தால்தான் அந்தப் பழக்கம் முழுமையாகும்.

அடுத்த ஆவணியில் மலை இறக்கத்தில் வண்டி நிற்கும்போது, பையன் மறுபடியும் கேட்பான்.

"அப்பா, அது என்ன பூ?"

"அதுவா? ரான் ஹளத். நம்ம மஞ்சளுக்குத் தம்பி. பேர் வச்சவர் ஒரு போஸ்ட் ஆபீஸ்காரர். இந்த மலையிலேதான் இறந்துபோனார்."

வண்டி கிளம்புவதற்குள் சொல்லி முடிக்க இவ்வளவு போதும்.